போத்துனேன்

பக்கத்துக்கு எழுபது ரூபாய்.
மண்டபம் மரைன் ஸ்டேஷன், கரண்ட் போன மதியம்,
லேப்டாப்பில் பதினெட்டு சதவீதம் மிச்சம்.
நம்புராஜன் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதியதை
நான் இங்கிலீஷ் ஆக்க வேண்டும்.
செத்தவன் எந்த நாட்டான் என்று தெரியவில்லை.
தாள்கள் ஏதோ ஒரு தூதரகத்துக்குப் போகும்.

"மூணாந்தீடைக்குத் தெக்க, சார்.
குப்புற மிதந்து வந்துச்சு.
வள்ளத்துல தூக்கிப் போட்டேன்.
சட்டையக் கழட்டிப் போத்துனேன்."

போத்துனேன்.
அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

கவர் என்று அடித்தால் முடிந்தது வேலை.
ஆனால் கவர் என்பது எங்களுக்கு
மீன்கடையில் கேட்டு வாங்குவது,
கல்யாண வீட்டில் நூற்றியொன்றை வைத்து ஒட்டுவது,
மேசைக்கு அடியில் நகர்வது.
தமிழ் வினையாகவே எடுத்துக்கொண்டாலோ
பறித்துக்கொள்வது.

ராப் என்றால் சுற்ற வேண்டும்.
அரைக்கைச் சட்டை அவ்வளவுக்கு எட்டாது.
இடுப்புக்குக் கீழே மூடவில்லை என்று
அவரே சொல்லியிருக்கிறார், இரண்டாம் பக்கம், நாலாம் வரி.

போனில் தேடினேன்.
பிறந்த பிள்ளையைத் துணியில் பொதிய ஸ்வாடில்.
பிணத்துக்கு ஷ்ரௌட்.
கத்திக்கு ஒன்று, ஒயருக்கு ஒன்று,
மலையைப் பனி மூடினால் அதற்கென்று தனியாக ஒன்று.
குளிரில் பிறந்த மொழி,
இத்தனை போர்வை வைத்திருக்கிறது.
இந்தக் கரையில் நாங்கள் போர்த்துவது ஐஸை.
உமி கொட்டி, சாக்கு போட்டு, மேலே தார்ப்பாய்,
குளிர் தப்பித்து ஓடிவிடாதபடி.

போர்த்துவது தூங்குகிறவனுக்குச் செய்வது.
காய்ச்சல்காரனுக்குச் செய்வது.
மேடையில் பொன்னாடையும்தான் போர்த்துகிறார்கள்,
போட்டோக்காரர் சரி என்று சொல்லும்வரை
தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.
யாருக்குப் போர்த்தினாலும் அவர் உயிரோடு இருக்கிறார்
என்று அந்தச் சொல் நம்பிக்கொள்கிறது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி,
"கன்சீல்டுனு போடும்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.
ஒன்றில்லை.
பத்து மணிக்கு எடுத்த பிணம்
மூன்று மணிக்குத்தான் கரைக்கு வந்திருக்கிறது.
இடையில் ஐந்து மணி நேரம்.
அந்த ஒரு சொல் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்,
பிறகு எந்தக் கோர்ட்டும் எழுப்ப முடியாது.

"எஞ்சின் ஓடல சார். கச்சான் காத்து வேற.
தொடுப்பு போட்டுத்தான் வந்தேன்."
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
ஏட்டு பேனாவுக்கு ரீஃபில் தேடிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டிருக்கக் கூடாது.
எழுபது ரூபாயில் கேள்வி சேராது.
"எதுக்குண்ணே போத்துனீங்க?"

மேசைக் காலைப் பார்த்தார்.
"வெயிலு மூஞ்சில அடிச்சுச்சு."

அவ்வளவுதான்.
ஏட்டு அதை எழுதவில்லை. நான் அடித்தேன்.
கவர்டு என்றே போட்டு, அதற்குப் பக்கத்தில்
முகத்தில் வெயில் விழுந்ததால் என்று ஒரு வரி.
நல்ல இங்கிலீஷா தெரியாது.
இன்ஸ்பெக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்,
கரண்ட் வந்து மின்விசிறி தாளைத் தூக்கியதில்
கையெழுத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கடைசியாகக் கைப்பற்றிய பொருள்.
நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று,
மேல் பொத்தான் இல்லை, உப்புப் படிந்தது.
மடித்துக் காக்கித் தாளில் வைத்து
அதன்மேல் இன்னொரு தாள்,
சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி,
மெழுகுவத்தியில் அரக்கு காட்டி
முடிச்சுக்கு முடிச்சு முத்திரை குத்தினார்கள்.
அன்றைக்கு அந்த ஸ்டேஷனில்
ஒழுங்காகப் பொதியப்பட்டது அது ஒன்றுதான்.

துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு
வாசல்வரை போன நம்புராஜன் திரும்பி வந்தார்.
"சட்டை எப்பத் தருவீக?
பையில டீசல் கார்டு இருக்கு."